அறுபதுக்குப் பின் விழாவும் யாத்திரையும்

பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுகள் ஒரு சுற்று. வியாழன் வானத்தை ஒருமுறை வலம்வர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கு ஏறக்குறைய 30. ஐந்து வியாழச் சுற்றும் இரண்டு சனிச் சுற்றும் அறுபதை ஒட்டி முடிவதால், ஒருவர் பிறந்தபோது இந்த இரு கோள்களும் நின்ற இடத்துக்கு அருகே அவை மறுபடி வந்து சேர்கின்றன. பிறந்த ஆண்டின் பெயரும் அப்போது திரும்புகிறது. 1965 ஏப்ரல் நடுவில் தொடங்கிய விசுவாவசு ஆண்டில் பிறந்தவர்களுக்கு, 2025 சித்திரையில் அதே விசுவாவசு இரண்டாம் முறையாக வந்தது. அந்த ஆண்டில், பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரம் கூடும் நாளில் நடப்பது சஷ்டியப்தபூர்த்தி. ஊர் வழக்கில் அறுபதாம் கல்யாணம்.

குடும்பங்கள் இதைக் கல்யாணமாகக் கொண்டாடினாலும், சடங்கு நூல்கள் இதைச் சாந்திகளின் வரிசையில்தான் வைக்கின்றன. வரவிருக்கும் தீங்கைத் தணிப்பதற்கான சடங்குகள் அவை. அறுபதைத் தாண்டுவது ஓர் அபாயமான திருப்பம், உயிருக்கும் துணைக்கும் மக்களுக்கும் பொருளுக்கும் கேடு வரக்கூடிய காலம் என்று பழைய நம்பிக்கை கருதியது. ஆகவே கலசங்களில் மிருத்யுஞ்சயரையும் மார்க்கண்டேயரையும் நவக்கிரகங்களையும் ஆவாகனம் செய்து, ஆயுஷ் ஹோமம் வளர்த்து, அந்தக் கலச நீரைத் தம்பதியின் தலையில் வார்க்கிறார்கள். மகன், மருமகள், மகள், மருமகன், பேரன், பேத்தி, சம்பந்தி என்று ஒருவர்பின் ஒருவராக வந்து ஊற்றுவார்கள். ஈர உடை மாற்றிப் புதுப்புடவையும் வேட்டியும் உடுத்தி வந்த பிறகுதான் மாலை மாற்றலும் மாங்கல்ய தாரணமும். ஒரே காலைப் பொழுதில் அச்சத்துக்கும் நன்றிக்கும் தனித்தனியே இடம் ஒதுக்கியிருக்கிறது இந்தச் சடங்கு. முதுமையின் வாசலில் நிற்கும் எவருக்கும் இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதைச் சடங்கை வகுத்தவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே பெயர்பெற்ற தலம் மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள திருக்கடையூர். அட்டவீரட்டானத் தலங்களில் ஒன்று. தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்திலுள்ள கோயில். முகூர்த்த நாட்களில் அமிர்தகடேசுவரர் கோயிலின் மண்டபங்களில் பல குடும்பங்கள் பக்கம்பக்கமாக உட்கார்ந்து ஹோமம் செய்வதைக் காணலாம். பசுவுக்கும் யானைக்கும் பூசை செய்து உள்ளே வரும் தம்பதிகளுக்கு வயது அறுபது, எழுபது, எண்பது. ஆனால் இந்தத் தலத்தின் கதை ஒரு பதினாறு வயதுப் பையனைப் பற்றியது. மார்க்கண்டேயனைக் கொண்டுபோக வந்த காலனை லிங்கத்திலிருந்து வெளிப்பட்ட சிவன் உதைத்து வீழ்த்தினார் என்பது புராணம்.

அந்தக் கதையின் முன்பகுதியை இங்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நினைப்பதில்லை. பிள்ளையில்லாத மிருகண்டு முனிவருக்கும் மருத்துவதிக்கும் இறைவன் ஒரு தேர்வு கொடுத்தார்: நெடுங்காலம் வாழும் குணமற்ற மகனா, பதினாறே ஆண்டு வாழும் நல்ல மகனா? அவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள். நீண்ட ஆயுளைக் கேட்டு ஆயிரக்கணக்கானோர் வந்து நிற்கும் தலத்தின் அடிக்கதை, ஆயுளின் நீளம் தனியே ஒரு பேறல்ல என்று இரு பெற்றோர் முடிவெடுத்ததில் தொடங்குகிறது. திருக்கடையூரின் உண்மையான பாடம் காலனை வென்றதைவிட இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. அறுபது நிறைந்தவரிடமும் இதே கேள்விதான் வந்து நிற்கிறது: இனி வரும் ஆண்டுகள் எதற்காக?

அறுபதுக்குப் பின்னுள்ள படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுபதில் பீமரத சாந்தி. எண்பதைக் கடந்து ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். ஆண்டுக்குப் பன்னிரண்டு பிறை என்று மட்டும் எண்ணினால் ஆயிரம் ஆக 83 ஆண்டு 4 மாதம் வேண்டும். சந்திர மாதத்துக்கு ஏறத்தாழ 29.53 நாள்தான் என்பதால் சூரிய ஆண்டுக்குப் பன்னிரண்டுக்கு மேலேயே பிறை வருகிறது. கணக்குப்படி 80 ஆண்டும் ஏறக்குறைய 10 மாதமும் ஆகும்போது ஆயிரம் நிறைகிறது. மகன் வழியில் கொள்ளுப்பேரன் பிறந்துவிட்டால் பொற்பூவாலோ பொற்காசாலோ செய்யப்படும் கனகாபிஷேகம். இதற்கு வயதில்லை, தலைமுறைதான் கணக்கு.

இந்த விழாக்களுக்கும், முதுமையைப் பற்றி அறநூல்கள் சொன்னதற்கும் இடையே ஓர் உரசல் உண்டு. தோலில் சுருக்கமும் தலையில் நரையும் கண்டு, பேரன் முகமும் பார்த்துவிட்ட இல்லறத்தான் காட்டுக்குப் புறப்பட வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் ஆறாம் அத்தியாயம். மனைவியை உடன் அழைத்துச் செல்லலாம், அல்லது மகன்களிடம் விட்டுச் செல்லலாம். காட்டுக்குப் போகவேண்டிய அதே பருவத்தில் ஒருவரைப் பட்டுடுத்தி மணையில் உட்கார்த்தி மறுபடி தாலி கட்டச் சொல்வது எப்படிப் பொருந்தும்? பற்றைக் குறைக்கவேண்டிய வயதில் பற்றைப் புதுப்பிப்பதாகாதா?

இந்தக் கேள்வி தோன்றும் அளவுக்குக் கடினமானதல்ல. முதலாவதாக, நான்கு ஆசிரமங்கள் படிக்கட்டுபோல ஒன்றன்பின் ஒன்றாக வருபவை என்ற கருத்தே பிற்பட்டது. பழைய தர்மசூத்திரங்கள் அவற்றை, ஒருவர் வாழ்நாள் முழுவதற்கும் தேர்ந்துகொள்ளக்கூடிய தனித்தனி வழிகளாகப் பேசுகின்றன. கௌதமரின் சூத்திரம் இல்லறம் ஒன்றே ஆசிரமம் என்ற கொள்கையையும் முன்வைக்கிறது. இரண்டாவதாக, இடைக்காலத்தில் கலியுகத்துக்கு ஆகாதவை என்று தொகுக்கப்பட்ட பட்டியல்களில் வானப்பிரஸ்தமும் சேர்ந்துவிட்டது. காட்டுக்குப் போகும் வழியை மரபே அடைத்துவிட்டது என்று பொருள். இல்லறத்தார் வீட்டிலேயே முதுமை அடைந்தார்கள். விடவேண்டியதை வீட்டுக்குள் இருந்தபடியே விடுவது எப்படி என்பதுதான் அவர்களுக்கு மிஞ்சிய கேள்வி.

தமிழ் மரபு இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. தொல்காப்பியக் கற்பியலில் முதுமை பற்றிய ஒரு நூற்பா உண்டு. காமம் நிறைவுற்ற கடைசிப் பருவத்தில், காவலாக அமைந்த மக்களோடு சேர்ந்து, அறத்தை விரும்பும் சுற்றத்தோடு கூடி, தலைவனும் தலைவியும் உயர்ந்ததைப் பழகுவதே கழிந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. மனு சொல்லும் பருவமும் இதுதான். ஆனால் இங்கே காடில்லை, பிரிவில்லை. மனைவியை விட்டுச் செல்வதா அழைத்துச் செல்வதா என்ற பேச்சுக்கே இடமில்லை. இருவரும் சேர்ந்துதான் பழகுகிறார்கள். மக்களும் சுற்றமும் உயர்ந்த நோக்கத்துக்குத் தடையாக அல்லாமல் அதன் களமாக இருக்கிறார்கள். முதுமை பற்றித் தமிழில் இதைவிடக் கனிவான சிந்தனை உண்டா என்பது ஐயமே. திருக்குறளும் துறவைப் பேசும்போது அதற்கென ஒரு வயதைக் குறிக்கவில்லை என்பது இதனோடு சேர்த்து நினைக்கத் தக்கது.

இந்தக் கண்ணோட்டத்தில் அறுபதாம் கல்யாணத்தைப் பார்த்தால், பற்றைப் புதுப்பிக்கும் சடங்கு என்று அதைக் குறை சொல்ல முடியாது. முதல் கல்யாணத்தில் பெற்றோர் நாள் குறித்தார்கள், பந்தல் போட்டார்கள், செலவைச் சுமந்தார்கள். இதில் பிள்ளைகள் அத்தனையையும் செய்கிறார்கள். யாரை அழைப்பது, எந்தப் பந்தியில் யாரை முதலில் உட்காரவைப்பது என்ற தீர்மானங்கள் தலைமுறை மாறிவிட்டன. அப்பா மணையில் உட்கார்ந்து, சொன்னதைச் செய்கிறவராக இருக்கிறார். பல வீடுகளில் அதிகாரம் கைமாறியதை எல்லோரும் சேர்ந்து கண்ணால் காணும் நாள் அதுவே. தலையில் நீர் ஊற்றும் மருமகள் அடுத்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சாவியை யாரிடமும் கேட்கவேண்டியதில்லை என்றால், சடங்கு தன் வேலையைச் செய்துவிட்டது. விழா முடிந்தும் பெட்டிச் சாவி இடுப்பிலேயே இருந்தால் செலவு மட்டுமே மிச்சம்.

ஆனால் இந்தச் சடங்கில் இரண்டு பெரிய குறைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் அதன் அழகை மட்டும் பேசுவது நேர்மையாகாது. முதலாவது, எண்ணப்படுவது கணவனின் வயது. மனைவிக்கு அறுபது நிறையும் நாள் பெரும்பாலான வீடுகளில் சத்தமில்லாமல் கடந்துபோகிறது. அவளுடைய நட்சத்திரத்துக்குக் கோயிலில் ஓர் அர்ச்சனை நடந்தால் உண்டு. இரண்டாவது, துணையை இழந்தவருக்கு இதில் இடமில்லை. ஐம்பத்தெட்டில் கணவனை இழந்த பெண், தன் தங்கையின் அறுபதாம் கல்யாணத்தில் சமையலறைப் பக்கம் நிற்கும் காட்சி தமிழ்நாட்டில் அரிதானதல்ல. ஆயுளுக்கும் நன்றிக்கும் ஆன ஒரு சடங்கு, தனிமையின் பாரத்தை அதிகம் சுமந்தவரையே வெளியே நிறுத்துவது அறமாகாது. மாலை மாற்றுவதையும் தாலி கட்டுவதையும் தவிர மற்றவை எதற்கும் இணை தேவையில்லை. ஆயுஷ் ஹோமத்தை ஒருவர் தனியாகவும் செய்துகொள்ளலாம். தாய்க்கு அறுபதோ எண்பதோ நிறையும் நாளை அவள் பெயரிலேயே விழாவாக எடுக்கும் பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். அந்த வீடுகளில் மரபு குறைந்துவிடவில்லை.

சடங்கு சாராத மணிவிழாவும் பவளவிழாவும் இந்தத் தடையைத் தாண்டியவை. ஆசிரியருக்கு மாணவர்களும், எழுத்தாளருக்கு வாசகர்களும், தொண்டருக்கு ஊராரும் எடுக்கும் விழாக்கள் அவை. கூடவே மலர் ஒன்று வெளியிடும் வழக்கம் தமிழ்ப் புலமை உலகில் நிலைத்திருக்கிறது. அந்த மலர்களில் நல்ல ஆய்வுக் கட்டுரைகளும் வந்திருக்கின்றன. உ.வே.சாமிநாதையருக்கு 1935இல் சென்னையில் சதாபிஷேக விழா நடந்தது. 1855இல் பிறந்த அவர் சங்க நூல்களையும் காப்பியங்களையும் ஓலையிலிருந்து மீட்டு அச்சேற்றிய பெரும்பணி அதற்குள் பெரும்பாலும் நிறைவேறியிருந்தது. ஆனாலும் 1940இல் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் வரத் தொடங்கியது. 1942இல் அவர் மறையும்போது அது முடிவுறாமல் நின்றது. எண்பதுக்குமேல் அவர் செய்த காரியம், தன் ஆசிரியர்களையும் தனக்கு ஓலை கொடுத்து உதவியவர்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது. தொல்காப்பியம் சொன்ன உயர்ந்ததைப் பழகுதலுக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் இதைச் சொல்லலாம்.

குடும்ப விழா ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பின்வரும் ஆண்டுகளை நிரப்புவதில் இன்று பெரும் பங்கு வகிப்பவை சங்கங்களும் யாத்திரைக் குழுக்களும். பென்ஷனர் சங்கம், தெருவில் கூடும் மூத்த குடிமக்கள் மன்றம், பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள், கோயில் பஜனைக் குழு என்று எங்கிருந்தாவது ஒரு வேன் புறப்படுகிறது. கும்பகோணத்தைச் சுற்றிய நவக்கிரகத் தலங்கள், ஆறுபடை வீடுகள், திவ்ய தேசங்கள், வசதிப்பட்டால் காசி. விடியுமுன் கிளம்புகிறார்கள். புளியோதரையும் தயிர்சாதமும் வாளியில் உடன் வருகின்றன. மூட்டு வலிக்காரருக்கு முன்சீட்டு, மாத்திரைப் பை மடியில், நடை சாத்துமுன் அடுத்த கோயிலைப் பிடிக்கும் அவசரம். தமிழக அறநிலையத் துறையும் 60 முதல் 70 வயது வரையிலான பக்தர்களை ராமேசுவரத்திலிருந்து காசிக்கும், 2024 முதல் ஆறுபடை வீடுகளுக்கும் கட்டணமின்றி அழைத்துச் செல்கிறது.

இதைப் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. வயதானவர்கள் வீட்டில் அமைதியாக நாமம் சொல்லிக்கொண்டிருந்தால் போதாதா என்பது அவர்கள் கேள்வி. ஆனால் பல சமய மரபுகள் முதிர்ந்த வயதில் கூட்டத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தக் கூட்டம் என்றுதான் கேட்டன. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் பஜகோவிந்தம் முதுமையைப் பற்றி இரக்கமின்றிப் பேசும் நூல். உடல் தளர்ந்தவனை வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை என்றும், தளர்ந்த பின்னும் ஆசை விடுவதில்லை என்றும் அது சொல்கிறது. அதே நூல்தான் பற்றின்மைக்கு முதற்படியாக நல்லோர் சேர்க்கையை வைக்கிறது. பாலி நூல்களில் ஒரு சிறு உரையாடல் உண்டு. நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று ஆனந்தர் சொல்ல, பாதியல்ல, முழுவதுமே அதுதான் என்று புத்தர் திருத்துகிறார். சைவத்தில் அடியார் கூட்டத்தோடு சேர்ந்திருப்பதே வேண்டிப் பெறும் வரம்.

நல்லோர் சேர்க்கை பற்றை எப்படித் தளர்த்துகிறது என்பதை அந்த வேனிலேயே காணலாம். வீட்டில் ஒருவர் எப்போதும் யாருக்கோ அப்பா, யாருக்கோ மாமியார், யாருக்கோ தாத்தா. ஒவ்வொரு உறவிலும் ஓர் எதிர்பார்ப்பும் ஒரு பழைய வருத்தமும் ஒட்டியிருக்கும். வேனில் அந்தப் பட்டங்கள் எதுவும் செல்லாது. ஓய்வுபெற்ற மேலதிகாரியும் அவரிடம் எழுத்தராக இருந்தவரும் ஒரே வரிசையில் நின்று பிரசாதம் வாங்குகிறார்கள். கணவனை இழந்த பெண்ணிடம் அங்கே யாரும் இணை எங்கே என்று கேட்பதில்லை. தீபாராதனையில் அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நெருப்பு எல்லோருக்கும் உரியதே. அறுபதாம் கல்யாணம் வெளியே நிறுத்தியவரை யாத்திரை உள்ளே அழைத்துக்கொள்கிறது. பற்றை விடுவதென்றால் மனிதர்களை விடுவது என்று கொள்ளவேண்டியதில்லை. மனிதர்கள்மேல் தனக்கிருந்த பதவியை விடுவதே அதில் கடினமான பகுதி, அதைப் பழகத் துணை வேண்டியிருக்கிறது.

புறநானூற்றில் பிசிராந்தையார் பாடலொன்று (191) இதற்கு நெருங்கிய சான்று. இத்தனை ஆண்டு ஆகியும் உமக்கு நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் காரணங்களை அடுக்குகிறார். மாண்புள்ள மனைவி, நிறைந்த அறிவுடைய மக்கள், தன் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், முறை தவறாத அரசன். இவற்றுக்கு மேலாக, புலனடங்கிய சான்றோர் பலர் தம் ஊரில் வாழ்கிறார்கள் என்பது அவர் இறுதியில் சொல்லும் காரணம். குடும்பத்திலிருந்து தொடங்கி ஊராரிடம் முடிகிறது அந்தப் பட்டியல். வீடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டுக்கு வெளியே மதிக்கத்தக்க நான்கு பேர் இல்லாவிட்டால் நரைக்கும் என்று அதைப் படிக்கலாம்.

விழாவும் பயணமும் ஒன்றாகவே இணைந்த வடிவம் இஸ்லாமில் இருக்கிறது. உடலும் பொருளும் இடம் கொடுக்கும் முஸ்லிமுக்கு ஹஜ் வாழ்நாளில் ஒருமுறை கடமை. வயது வரம்பு இல்லையென்றாலும், பிள்ளைகளின் கல்யாணத்தை முடித்து, கடன்களை அடைத்துவிட்டுப் பிற்காலத்தில் புறப்படுவது தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பரவலான வழக்கம். கிளம்புமுன் உறவினரையும் அண்டை வீட்டாரையும் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். பிறகு தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணிகளில் ஆண்கள் எல்லோரும் ஒரே தோற்றத்தில் பெருங்கூட்டத்தில் கலக்கிறார்கள். கணக்கை முடிப்பதும் கூட்டத்தில் கரைவதும் ஒரே செயலின் இரு பாதிகளாக இதில் அமைந்திருக்கின்றன. கத்தோலிக்கக் குடும்பங்கள் மணவாழ்வின் பொன்விழாவைத் திருப்பலியோடு கொண்டாடி, பலிபீடத்தின் முன் வாக்குறுதிகளைப் புதுப்பிக்கின்றன. அங்கே கணக்கில் வருவது இருவரும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகள், ஒருவரின் வயது அல்ல.

சமயம் சாராத சங்கங்களிலும் இதே தேவைதான் வேலை செய்கிறது. ஓய்வூதியர்கள் டிசம்பர் 17ஐத் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1982இல் அந்த நாளில் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் கருணையால் தரப்படும் கொடை அல்ல, உரிமை என்று உறுதிசெய்தது. அந்தக் கூட்டங்களில் எண்பது நிறைந்தவருக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். அரசும் அந்த வயதைத் தனியே மதிக்கிறது: எண்பதைத் தொட்ட ஓய்வூதியருக்கு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாகக் கிடைக்கிறது.

இந்தக் குழுக்களுக்கென்று ஒரு கடினமான பக்கம் உண்டு. உறுப்பினர்கள் எல்லோரும் வயதானவர்கள் என்பதால் ஆண்டுதோறும் சிலர் குறைவார்கள். முதலில் மலைக்கோயிலுக்கு வர முடியாமல் அடிவாரத்தில் காத்திருப்பார்கள். அடுத்த ஆண்டு வேனில் ஏறமாட்டார்கள். புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் (243) தன் இளமையை நினைக்கும் பாடலும் இந்த நிலையைத்தான் பேசுகிறது. மருதமரக் கிளையிலிருந்து குதித்து மடுவின் அடி மணலை அள்ளிவந்த தோழமையை, தண்டூன்றி இருமலுக்கிடையே சில சொற்கள் மட்டும் பேசும் வயதில் அவர் தேடுகிறார். முதுமையின் துயரத்தில் உடலின் தளர்ச்சியைவிடத் தோழர்களின் குறைவு கனமானது என்று அதிலிருந்து தெரிகிறது.

ஆகவே ஒரு குழுவின் தகுதியை அது எத்தனை தலங்களுக்குப் போய்வந்தது என்பதை வைத்து அளக்க முடியாது. படுத்துவிட்ட உறுப்பினரை அது என்ன செய்கிறது என்பதே அளவுகோல். யாத்திரை முடிந்து திரும்பியதும் விபூதியும் பிரசாதமும் கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறார்களா, அரைமணி நேரம் உட்கார்ந்து பயணத்தைச் சொல்கிறார்களா, அவர் மனைவியை அடுத்த முறை உடன் அழைத்துச் செல்ல முன்வருகிறார்களா என்று பார்க்கவேண்டும். பிள்ளைகள் தொலைவில் இருக்கும் வீடுகளில் மருத்துவமனைக்குத் துணைபோவதும், மகன் வந்து சேரும்வரை காத்திருந்து இறுதிக் காரியங்களுக்கு ஆள் சேர்ப்பதும் பல ஊர்களில் இப்போது இந்த நண்பர்களின் பொறுப்பாகிவிட்டன. தொல்காப்பியம் மக்களுக்கு அடுத்ததாக அறத்தை விரும்பும் சுற்றத்தைச் சொன்னது; இரத்த உறவு சிதறிப்போன வீடுகளில் அந்தச் சுற்றத்தின் இடத்தில் இவர்கள் நிற்கிறார்கள்.